பதினேழாம் எண் அமைதி

மூன்றாவது தடவையும் தங்கமாரியப்பனுக்கு அமைதி போதாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பதினோரு சதவீதம்தான் இருக்குங்க," என்றாள் மருத்துவமனைச் சான்றுப் பிரிவில் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். "எண்பது வேணும். போன தடவை பதினாலு. இப்ப இன்னும் குறைஞ்சிருக்கு."

"குறையாம என்னம்மா செய்யும்? அங்க என் பொண்டாட்டி உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்குறா..."

"சத்தம் போடாதீங்க. சத்தம் போட்டா இன்னும் குறையும்."

அவள் குரலில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. இரக்கம் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வலது காதுக்குப் பின்னால், மல்லிகைச் சரத்துக்குச் சற்றுக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருந்தது. அரசாங்கத்தில் சன்னலுக்குப் பின்னால் உட்காரும் எல்லாருக்கும் அது உண்டு.

சமநிலை வில்லை வந்து ஏழு வருடமாகிறது. தியானத்தில் பழுத்த ஒரு பௌத்த பிக்குவின் மூளை எப்படி அமைதியாக இருக்கிறது என்று பதிவுசெய்து, அந்த அமைதியை ஒரு சில்லில் ஏற்றி, காதுக்குப் பின்னால் ஒட்டினார்கள். ஒட்டிக்கொண்டவருக்கும் அதே அமைதி. முப்பது வருடம் சம்மணம் போட்டு முட்டி தேய வேண்டியதில்லை. முதலில் அரசு ஊழியர்களுக்கு ஒட்டியதில் பலன் கைமேல் தெரிந்தது. அலுவலகங்களில் சண்டை நின்றது. லஞ்சம் அடியோடு ஒழிந்தது. கேட்பதற்கும் மனதில் ஓர் ஆசை வேண்டுமே. வேலையும் ஏறக்குறைய ஒழிந்தது. செய்வதற்கும் அப்படி ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது போல. மக்கள் எழுதிப் போட்ட புகார்களைப் பெட்டியிலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றாததால், ஏழு வருடத்தில் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

வெற்றி பெற்ற திட்டத்தைச் சும்மா விடுவார்களா? அடுத்து ஒரு சட்டம் வந்தது. விவாகரத்து, தானப் பத்திரம், உறுப்பு தானம் போன்ற பெரிய முடிவுகளை ஆத்திர அவசரத்தில் யாரும் எடுக்கக் கூடாது. நிதானமான மனதோடுதான் சம்மதிக்கிறார் என்று சான்று வேண்டும். தலையில் ஒரு வளையத்தை மாட்டி, வந்தவரின் மனம் அந்த பிக்குவின் மனதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளப்பார்கள். எண்பது சதவீதம் வந்தால் சான்று. இல்லையென்றால் பதினைந்து நாள் கழித்து வா.

தங்கமாரியப்பனின் மனைவி பேச்சியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அவருடையது அவளுக்குப் பொருந்தும். ஒன்றைக் கொடுக்க அவர் தயார். மருத்துவமனை தயார், அறுவை மேசை தயார், டாக்டர் தயார். "இன்னும் ஒரு மாசத்துக்குள்ள செஞ்சாகணும். இனிமே டயாலிசிஸுக்குக் குத்த நரம்பு கெடையாது," என்று டாக்டர் சொல்லிப் பத்து நாளாகிறது. அந்தச் சான்று ஒன்றுதான் பாக்கி.

சன்னல் பெண் அவருடைய மனுவைக் கையில் எடுத்தாள். புரட்டினாள். வெறுமையாக இருந்த பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி புரட்டி பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்து, "பார்க்கலாம்," என்றாள்.

தங்கமாரியப்பனுக்குச் சுருக்கென்றது. காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு வழுக்கைத் தலை ஆள் இப்படித்தான் தாளைப் புரட்டினான். ரத்த வங்கியிலும் இப்படித்தான். தாலுகா அலுவலகத்தில் மூன்று பேர் அடுத்தடுத்து இதையே செய்தார்கள். அரசாங்கம் ஏதோ பயிற்சி கொடுத்திருக்கிறது போல என்று அவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் உறைத்தது. எழுதாத பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற அந்தப் பழக்கம் அவருடையது.

அவர் மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டி, மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். சான்றிதழைத் தொலைத்தவர்கள், பெயரில் எழுத்துப்பிழை உள்ளவர்கள், வெளிநாட்டில் இடம் கிடைத்து நாளைக்குள் நகல் வேண்டும் என்று நிற்பவர்கள் எல்லாரும் அவர் சன்னலுக்குத்தான் வர வேண்டும். கெஞ்சினார்கள், அழுதார்கள், ஒருவன் தரையில் விழுந்து புரண்டான். அவர் யாரையும் கடிந்து பேசியதில்லை. மனுவை வாங்கிப் புரட்டிப் பார்த்து, பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்து, "பார்க்கலாம்" என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் புத்தர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வில்லைத் திட்டம் வந்தபோது அவருக்கும் ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டுவதற்கு முன்பும் நூறு, ஒட்டிய பின்பும் நூறு. கருவி பழுது என்று எழுதிவிட்டு வில்லையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டிலும் அதே புத்தர்தான். "ஏங்க, கால் வீங்குதுங்க," என்று பேச்சி சொன்னபோது, "பார்க்கலாம்," என்றார். ஆறு மாதம் கழித்து, "முகமும் வீங்குதுங்க," என்றாள். "பார்க்கலாம்," என்றார். ஒருநாள் குளியலறையில் விழுந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர், "எவ்வளவு நாளா வீக்கம் இருக்கு?" என்று கேட்டார். "ரெண்டு வருசமாச்சுங்க. இவர்கிட்டச் சொன்னேன். பாவம், மறந்திருப்பாரு," என்றாள் பேச்சி. குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே அவர் மறந்திருப்பார் என்று அவள் நம்பினாள்.

அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் காதில் விழுந்தது. விழுந்தது உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எல்லாமாகச் சேர்ந்து உள்ளே போயிற்று. அறுபத்தோரு வயதில், செவிலியர்கள் வேடிக்கை பார்க்க, சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து மூன்று மாதமாக ஆட்டோக்காரரிடம் சண்டை, மருந்துக்கடையில் சண்டை, அடுப்படியில் கைச்சூடு, வரிசையில் நிற்கும்போது அழுகை. முப்பத்து நான்கு வருடம் செலவழிக்காமல் வைத்திருந்ததை ஒரேயடியாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

சன்னல் பெண் கொடுத்த அறிக்கையை அவர் வெளியே வந்து படித்தார். கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது: 'ஒப்பிட்ட மூல மாதிரி: பங்கேற்பாளர் எண் 17.'

பதினேழு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் ஏதோ ஆராய்ச்சி என்று சட்டையில் ஒரு எண்ணை ஒட்டி உட்காரவைத்தார்கள். அரை நாள் வேலை இல்லை என்பதால் போனார். அந்தப் பசை துவைக்கத் துவைக்கப் போகவில்லை என்று பேச்சி ஒரு வாரம் புலம்பினாள். பதினேழுதான். சந்தேகமே இல்லை.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் எஸ்தர் கிருபா இப்போது வில்லை தயாரிக்கும் நிறுவனத்தில் தலைமை உளவியலாளர். அவரைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனார். வாசலில் யாரும் தடுக்கவில்லை. வரவேற்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே போய் எஸ்தரின் அறைக் கதவைத் திறந்தார்.

ஐம்பது வயது இருக்கும். நரைத்த கூந்தல், பருத்திப் புடவை, காதுக்குப் பின்னால் வில்லை.

"உக்காருங்க," என்றார் எஸ்தர். "நீங்க பதினேழா? தேடிக்கிட்டு என்னைக்காவது வருவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு பிக்குவையும் சேர்த்துத் தியானம் பண்றவங்க இருபது பேர், சாதாரண ஆளுங்க இருபது பேரை உக்காரவெச்சோம். காதுல சத்தம் கேக்கவெச்சோம். கண்ணாடி உடையிறது, ஒருத்தர் புகழ்றது, ஒருத்தர் திட்டுறது, ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுறது. ஒவ்வொண்ணுக்கும் மூளை எவ்வளவு ஆடுதுன்னு ஒரு கோடு வரும்."

"அதுல நான் பாதியில தூங்கிட்டேன்னு நெனைக்கிறேன்."

"இல்ல. நாங்களும் அப்படித்தான் சந்தேகப்பட்டோம். நல்லா முழிச்சிருந்தீங்க." எஸ்தர் நிதானமாகச் சொன்னார். "குழந்தை அழுதப்ப, பிக்குவோட கோடு மத்த எல்லாரையும் விட உசரமா எகிறிச்சு. நாலே செகண்டுல இறங்கி நேராயிருச்சு. உங்க கோடு எகிறவே இல்ல. இடையில பெயர்ச்சீட்டு கலந்துபோச்சு. யாரு பிக்கு, யாரு குமாஸ்தான்னு கோட்டைப் பார்த்து நாங்களே முடிவு பண்ணினோம். ஆடாத கோடுதான் பிக்குவோடதா இருக்கணும்னு எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரல."

தங்கமாரியப்பன் சட்டைப் பையிலிருந்த அறிக்கையை எடுத்துக் கடைசி வரியை மறுபடி படித்தார்.

"பௌத்தத்துல இதுக்கு விளக்கமே இருக்கு," என்றார் எஸ்தர், வகுப்பில் பாடம் எடுப்பதுபோல. "ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் ரெண்டு எதிரி உண்டு. ஒண்ணு தூரத்து எதிரி, பார்த்தவுடனே தெரிஞ்சிரும். மனச் சமநிலைக்கு ஆசையும் வெறுப்பும் தூரத்து எதிரி. இன்னொண்ணு பக்கத்து எதிரி. அது நல்ல குணம் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கும். சமநிலைக்குப் பக்கத்து எதிரி அலட்சியம். சமநிலையில இருக்கறவருக்கு எல்லாமே தைக்கும், ஆனா அதுல அடிச்சுக்கிட்டுப் போக மாட்டார். அலட்சியமா இருக்கறவருக்குத் தைக்கவே தைக்காது. வெளியில இருந்து பார்த்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் உக்காந்திருப்பாங்க."

"இவ்வளவு வெவரமா இது எப்ப தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

"ஆராய்ச்சிக்கு முன்னாடியே தெரியும். முன்னுரையில அந்தப் பகுதியை எழுதினதே நான்தான்."

"பெயர்ச்சீட்டு மாறினது?"

"நாலு வருசத்துக்கு முந்தி கண்டுபிடிச்சேன். அன்னைக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மூணு நாள் சோறு எறங்கல. உண்மையெல்லாம் எழுதி, ராஜினாமாக் கடிதமும் எழுதினேன். கை ரொம்ப நடுங்குதேன்னு ஒரு வில்லையை எடுத்து ஒட்டிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. கடிதம் இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்."

"அடப் பாவிகளா! எத்தனை பேரு தலையில என் புத்தியை ஒட்டியிருக்கீங்க?"

"பதினாலு லட்சம் பேரு," என்றார் எஸ்தர், மழை பெய்கிறது என்று சொல்கிற தோரணையில்.

தங்கமாரியப்பன் மேசையில் ஓங்கி அடித்தார். அடித்த பிறகுதான் தெரிந்தது, அதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்று. தன்னிடம் வந்து மேசையில் அடித்தவர்கள் எத்தனை பேர். அடித்தவனின் கைதான் வலிக்கும் என்று அப்போதெல்லாம் அவர் நினைத்துக்கொள்வார். இப்போது வலித்தது. கீழே புரண்ட அந்தப் பையனின் பெயர் என்ன என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. கேட்டிருந்தால்தானே ஞாபகம் வரும்.

"சரிம்மா. ஊரை விடுங்க. என் பொண்டாட்டி பொழைக்கணும். என் மூளையோடதானே ஒப்பிட்டுப் பாக்குறீங்க? அந்த ஆளே நான்தான்னு எழுதிக் குடுத்துருங்க."

"குடுக்க முடியாது. இப்ப உங்க மூளைக்கும் உங்க மூளைக்குமே பதினோரு சதவீதம்தான் ஒத்துப்போகுது. ஒரு வழி இருக்கு. வில்லை ஒட்டிக்கிட்டு உக்காருங்க. நூறு வரும்."

"ஒட்டிக்கிட்டா நான் பழைய ஆளா ஆயிருவேனே?"

"ஆமா."

"பழைய ஆளு கிட்னியெல்லாம் குடுக்க மாட்டாம்மா."

"ஏன்? அவ்வளவு மோசமானவரா?"

"மோசமெல்லாம் இல்ல. அதுக்கு எந்திரிச்சுப் போகணுமே."

எஸ்தர் அதைப் புரிந்துகொண்டதாகத் தலையாட்டினார்.

"அதைக் கழட்ட முடியுமா?"

"நகத்தால கிள்ளினா வந்துரும். ஆனா ஒட்டிக்கிட்டவங்க யாரும் இதுவரைக்கும் கிள்ளினதில்ல." சொல்லிவிட்டு எஸ்தர் தன் காதுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். நரைமுடியை ஒதுக்கிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, அளந்து ஊற்றிய அரை டம்ளர் தண்ணீரைத் துளித்துளியாகக் குடித்துக்கொண்டே கேட்டாள். முகம் மஞ்சளாகிக் கன்னம் உப்பியிருந்தது. கண்ணில் மட்டும் பழைய குறும்பு.

"அப்ப பதினாலு லட்சம் வீட்டுல என்னைய மாதிரி ஒருத்தி உக்காந்து, கால் வீங்குதுன்னு சொல்லிக்கிட்டு இருக்காளா?"

"பேச்சி, கேலி பண்ணாத."

"கேலி பண்ணல. அவளுகளை நெனச்சாப் பாவமா இருக்கு." டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாங்க. விட்டுருங்க. இந்த மூணு மாசம் நீங்க எனக்காக ஊரெல்லாம் சண்டை போட்டீங்க. ரசத்தைக் கருக வெச்சுட்டு அழுதீங்க. சாகப்போறப்பவாச்சும் ஒரு புருசன் கெடைச்சானேன்னு எனக்குச் சந்தோசமா இருக்கு. திரும்ப அந்தக் கல்லைக் கொண்டாந்து வீட்டுல வெச்சுட்டு, நான் பொழைச்சு என்ன செய்ய?"

அவர் அவள் மடியில் தலையை வைத்து அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, திட்டத்தைச் சொன்னார். பழைய தங்கமாரியப்பனை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை. அந்த ஆள் நல்லதும் செய்ய மாட்டான், கெட்டதும் செய்ய மாட்டான். எது வேலை குறைவோ அதைச் செய்வான். யாராவது தாளை நீட்டி, போடும் இடத்தைக் காட்டி, பேனாவையும் கையில் கொடுத்துவிட்டால் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவான். படிப்பது ஒரு வேலை. மறுப்பது அதைவிடப் பெரிய வேலை.

"எல்லாத் தாளையும் நான் முன்கூட்டியே நெரப்பி வெச்சுருவேன். கையெழுத்துப் போடுற எடத்துல எல்லாம் பென்சில்ல பெருக்கல் குறி போட்டு வெச்சுருவேன். நான் போட்டுருவேன் பாரு."

"அப்புறம்?"

"ஆபரேசன் முடிஞ்சு நமக்கு ஒரே ரூம்தான். நீ முழிச்ச உடனே, இந்தா, இந்தக் காதுக்குப் பின்னாடி கிள்ளிப் பிச்சு எறிஞ்சுரு. நான் வேணாம்னு சொல்வேன், இருக்கட்டும்னு சொல்வேன். என் பேச்சைக் கேக்காத."

"உங்க பேச்சைக் கேக்காதேன்னு நீங்களே சொல்றீங்களா? முப்பத்தோரு வருசம் கழிச்சு நல்ல புத்தி வந்திருக்கு."

"சத்தியம் பண்ணு பேச்சி."

அவள் அவருடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துச் சத்தியம் செய்தாள். பிடித்த கையை ரொம்ப நேரம் விடவில்லை.

பதினைந்து நாள் முடிந்து, ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மருத்துவமனையின் சான்றுப் பிரிவில் தங்கமாரியப்பன் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் தயார் செய்திருந்தார். இடது பக்கம் மறுப்புப் படிவம்: எட்டுப் பக்கம், காரணத்தை முந்நூறு சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டும், இரண்டு சாட்சிகளோடு மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும். அதை வேண்டுமென்றே கேட்டு வாங்கிக் கண்ணில் படும்படி வைத்தார். வலது பக்கம் சம்மதப் படிவம்: ஒரே தாள், பெருக்கல் குறி, மூடி கழற்றிய பேனா. அதன் கீழே மருத்துவமனை கொடுத்த மற்ற தாள்கள், ஏழோ எட்டோ. அவற்றிலும் குறி போட்டிருந்தார். எழுந்து நடக்க வேண்டும் என்ற காரணத்துக்காகத் தப்பித்துவிடக் கூடாது என்று, சக்கர நாற்காலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசி நேரத்தில் சன்னல் பெண் இன்னும் மூன்று தாள்களைக் கொண்டுவந்து அடுக்கின் மேல் வைத்தாள். "இதுவும் உண்டு. காலையிலதான் வந்துச்சு." நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் அவருக்கு எழுத்துகள் ஓடின. எல்லாமே ஆஸ்பத்திரித் தாள்கள்தான். அவற்றிலும் அவசர அவசரமாகக் குறி போட்டார்.

"ஒட்டட்டுமா?" என்றாள் பெண்.

'பேச்சி, பேச்சி, பேச்சி' என்று மனதுக்குள் மூன்று தடவை சொல்லிக்கொண்டு தலையைச் சாய்த்தார்.

சில்லென்று இருந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எதுவோ மெல்ல இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. பேச்சி என்று ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு உடம்பு சரியில்லை. இரண்டும் தெளிவாகத் தெரிந்தன, திருமங்கலம் பேருந்து எத்தனை மணிக்கு என்பது தெரிவதைப் போல. சற்று முன்னால் எதற்காக அவ்வளவு பதறினோம் என்று யோசித்துப் பார்த்தார். காரணம் ஞாபகம் இருந்தது. பதற்றம்தான் பிடிபடவில்லை.

"உங்க மனைவிக்குச் சிறுநீரகம் குடுக்கச் சம்மதமா?"

"பார்க்க..." என்று ஆரம்பித்தார். கண் இடது பக்கம் போயிற்று. எட்டுப் பக்கம். முந்நூறு சொல். மூன்றாவது மாடி. வலது பக்கம் போயிற்று. ஒரு தாள், ஒரு குறி, ஒரு பேனா.

கையெழுத்துப் போட்டார். அடுத்த தாள், அடுத்த குறி. அடுத்தது. அடுத்தது. நிறுத்துவதற்கு ஒரு காரணம் வேண்டும். அது தேடினால்தான் கிடைக்கும். எல்லாவற்றிலும் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நூறு சதவீதம்," என்றாள் பெண், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். முத்திரை குத்தினாள். யாரோ வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் தடுக்கவில்லை. தள்ளுபவரை நிறுத்தச் சொல்வதைவிடத் தள்ளவிடுவது சுலபமாக இருந்தது.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டு நாள் தீவிரக் கண்காணிப்பில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் காலை இருவரையும் ஒரே அறையில் இரண்டு கட்டில்களில் கொண்டுவந்து விட்டார்கள்.

தங்கமாரியப்பனுக்கு இடுப்பில் வலி இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பேச்சி விழித்துக்கொண்டுதான் இருந்தாள் என்பதைச் சற்று நேரம் கழித்துக் கவனித்தார். முகத்தில் மஞ்சள் குறைந்திருந்தது. கூந்தலை ஒரு பக்கமாக ஒதுக்கி முடிந்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வில்லை இருந்தது.

"உனக்கும் ஒட்டிட்டாங்களா?"

"ஆமா. தியேட்டருக்குள்ள போறதுக்கு முந்தி ஒட்டினாங்க. எதுக்கும்மா எனக்குன்னு நர்ஸுகிட்டச் சண்டை போட்டேன். உங்க வீட்டுக்காரர்தான் சம்மதம் சொல்லியிருக்காருன்னு தாளைக் காட்டுச்சு. உங்க கையெழுத்துதான்."

அவர் யோசித்தார். கடைசியில் வந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். 'நோயாளியின் பதற்றம் தணிக்க' என்று மேலே ஏதோ பெரிய எழுத்தில் இருந்த மாதிரி ஒரு ஞாபகம். படிக்காமல் கையெழுத்துப் போடும்படி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்ததும் அவர்தான், போட்டதும் அவர்தான். ஏற்பாடு கச்சிதமாக வேலை செய்திருக்கிறது.

"நான் ஒரு சத்தியம் பண்ணினேன்," என்றாள் பேச்சி.

"ஆமா."

"முழிச்ச உடனே பிச்சு எறியணும்னு."

"ஆமா. நான் வேணாம்னு சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"நீங்க வேணாம்னு சொல்லலையே."

"இல்ல."

டாக்டர் உள்ளே வந்தார். அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இருவரையும் பார்த்து வாயெல்லாம் பல்லானார். அவருக்கு வில்லை கிடையாது. கத்தி பிடிக்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. "அம்மா, பிரமாதம்! கிட்னி முதல் நாளே வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. இன்னும் இருபது வருசம் ஜம்முனு இருப்பீங்க. ஐயா, நீங்க பெரிய மனுசன். வெளியில வராண்டாவுல நீங்க அழுததை நான் பார்த்திருக்கேன். இப்பச் சந்தோசம்தானே?"

"பரவாயில்ல," என்றார் தங்கமாரியப்பன்.

"அம்மா, உங்களுக்கு?"

"பரவாயில்ல," என்றாள் பேச்சி.

டாக்டரின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது. பிறகு எங்கே போவது என்று தெரியாமல் போய்விட்டது. அட்டையில் எதையோ கிறுக்கிவிட்டு, அடுத்த அறைக்கு வேகமாகப் போனார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. பேச்சியின் வலது கை போர்வைக்கு மேல், அந்த இடைவெளியின் ஓரத்தில் இருந்தது.

"பிச்சுரட்டுமா?" என்றாள்.

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "உன் இஷ்டம்."

அவள் தன் கையைப் பார்த்தாள். "எட்டணும்," என்றாள்.

"ஆமா."

இருவரும் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அவர் கொடுத்த சிறுநீரகம் அவளுக்குள் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அவர் கொடுத்த அமைதியும்தான்.